கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று

என் வயிற்றில் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள் என்பது, அதில் ஒன்று வெளியே வந்து அழுத பிறகுதான் எல்லாருக்கும் தெரியவந்தது. எனக்கும் அப்போதுதான் தெரியும்.

இப்போது யாரிடமாவது சொன்னால், "ஏன், ஸ்கேன்ல காட்டலையா?" என்று கேட்கிறார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் கொருக்குப்பேட்டையில் ஏது ஸ்கேன்? எங்கள் தெருவைத் தாண்டிப் போனால் ஒரு சின்னப் பிரசவ விடுதி இருந்தது. அங்கே நர்ஸம்மா ஊதுகுழல் மாதிரி ஒன்றை வயிற்றில் வைத்து, மறுமுனையில் காதை ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்பார். கேட்டு முடித்ததும், "நல்லா துடிக்கிது, போய் சாப்டு" என்பார். அவ்வளவுதான் பரிசோதனை.

வயிறு பெரிதாக இருந்ததென்னவோ உண்மை. கடைசி மாதத்தில் என் கால்களை நானே பார்க்க முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். நீர் கோத்திருக்கிறது என்றார் ஒருவர். பிள்ளைக்குத் தலை பெரிசு என்றார் இன்னொருவர். என் கணவர் ஹார்பரில் இரும்புத்தாது ஏற்றும் இடத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாவற்றையும் கிரேன் கணக்கில்தான் பார்க்க வரும். நான் பாயிலிருந்து எழத் தடுமாறும்போதெல்லாம், "இரு, இரு, கொக்கி மாட்டிக்கிறேன்" என்பார்.

எங்களோடு இருந்தது என் மாமியார் மட்டும். ஏழு பிள்ளைகளை வீட்டிலேயே பெற்றவர். வீட்டிலேயே பிரசவம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்தான் சொல்வார் என எதிர்பார்த்தேன். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று முதலில் சொன்னவரே அவர்தான்.

"ஏழு பெத்தேன், நாலு கீது. மிச்சம் மூணு எங்கன்னு கேளு" என்றார்.

நான் கேட்கவில்லை. ஆனால் இடுப்புவலி எடுத்த அன்று காலை, ஹார்பருக்குப் போய்விட்ட மகனுக்குக்கூடக் காத்திருக்காமல், என் கையைப் பிடித்து நடக்க வைத்தே அந்த விடுதிக்குக் கூட்டிப்போனார். வழியில் வலி வந்தபோதெல்லாம் ஏதாவது ஒரு விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவரும் நின்றார். வலி போனதும், "ம், நட."

விடுதியில் என் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு முஸ்லிம் பெண் படுத்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். முந்தின நாள் பெண் குழந்தை பெற்றிருந்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "கத்து அக்கா, கத்துனா நல்லாருக்கும். நேத்து நான் கத்துன கத்துல எங்க வூட்டுக்காரரு கேட்டாண்ட நின்னுகினு அழுதாராம்" என்றாள். அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுடைய கணவர் வண்ணாரப்பேட்டையில் தோல் வியாபாரம் செய்கிறவர். அவள் விடுதியில் சேர்ந்த நாளிலிருந்து, தினமும் மண்டிக்கு லோடு கொண்டுபோகும் வழியில் மனைவிக்கு ஆப்பமும் பாயாவும் கொடுத்துவிட்டுப் போவாராம்.

என் மகன் அதிகம் சிரமம் கொடுக்காமல் பிறந்தான். நர்ஸம்மா அவனைத் துடைத்து, தொப்புள்கொடியைக் கட்டி, "பையன்டி. என்னா இது, இவ்ளோ பெரிய வயித்துக்கு இவ்ளோ சின்ன புள்ள?" என்று கேலியாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே என் வயிற்றில் கையை வைத்தார். கையை இங்கும் அங்கும் நகர்த்தி அழுத்தினார். ஊதுகுழலை எடுத்து வைத்துக் கேட்டார்.

"அடியே, உள்ள இன்னொண்ணு கீதுடி."

நான் விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வாசலில் நின்ற என் மாமியாரைக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தாமலேயே சொன்னார்.

"குறுக்கால படுத்துகினு கீது. தல ஒரு பக்கம், காலு ஒரு பக்கம். இத திருப்பி எடுக்க டாக்டரம்மா வோணும், மயக்கம் குடுக்கணும். இங்க ஆவாது. பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போவணும், இப்பவே."

பிரசவத்துக்கென்றே இருந்த அந்தப் பெரிய ஆஸ்பத்திரி ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்தது. விடுதிக்கென்று வண்டி கிடையாது. எதிரிலிருந்த மாவு மில்லிலிருந்து ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்கள். அது வேறெங்கோ போயிருக்கிறது என்று பதில் வந்தது. சைக்கிள் ரிக்‌ஷாவில் உட்கார வைத்துக் கூட்டிப்போவதை நர்ஸம்மா ஒப்பவில்லை. அந்த நேரத்தில்தான் தோல் வியாபாரி பாய், கையில் பாயாத் தூக்கோடு வாசலில் வந்து நின்றார். அவருடைய மூன்று சக்கர டெம்போ வெளியே நின்றது.

நர்ஸம்மா அவரைப் பார்த்தார். டெம்போவைப் பார்த்தார். "பாய், வண்டிய குடு."

"தாராளமா சிஸ்டர். ஆனா தோலு லோடு கீது, உப்பு போட்ட பச்சத் தோலு. வாசன..."

"தோலோ தங்கமோ, மொதல்ல எறக்கு."

விடுதி முற்றத்திலேயே தோல்களை இறக்கிப் போட்டார்கள். அந்த நாற்றம் தெருமுனை வரை போயிற்றாம். அதற்காக அந்தத் தெருக்காரர்கள் பல வாரம் பாயைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். டெம்போவில் கோணிகளை விரித்து, அதன்மேல் விடுதியின் மெத்தையைப் போட்டு என்னைப் படுக்க வைத்தார்கள். மாமியார் பையனைத் துணியில் சுற்றித் தன் மார்போடு வைத்துக்கொண்டு வந்தார். என் நெற்றியில் சிலுவை போட்டார்.

"இவன நான் பாத்துக்கிறேன். நீ அத பாரு."

நர்ஸம்மா என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். பாய் ஓட்டினார். ஒவ்வொரு பள்ளத்துக்கும், "மாப் பண்ணும்மா தங்கச்சி, மாப் பண்ணும்மா" என்று முன்னாலிருந்து குரல் கொடுத்துக்கொண்டே போனார். சாலை நெடுகப் பள்ளம்தான் என்பதால் அவர் நிறுத்தவே இல்லை. உப்பும் தோலும் கலந்த அந்த வீச்சத்துக்குப் புடவை நுனியால் மூக்கை மூடிக்கொண்டேன். ஆனால் உண்மையைச் சொன்னால், வெயிலில் படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டு போனது கொஞ்சம் நன்றாகத்தான் இருந்தது. வலி சற்று நின்றிருந்தது. ஒரு பிள்ளை பெற்றுவிட்ட நிம்மதியும், இன்னொன்று இருக்கிறது என்ற ஆச்சரியமும் கலந்து, ஏதோ திருவிழாவுக்குப் போவது மாதிரி ஒரு மயக்கம்.

ரயில்வே கேட் வந்ததும் அது தெளிந்துவிட்டது. கேட் மூடியிருந்தது. கேட்டை அடைத்துக்கொண்டு ஒரு கூட்ஸ் வண்டி, நகராமல் நின்றிருந்தது. பெட்டி பெட்டியாகச் சிவப்பு இரும்புத்தாது. ஹார்பருக்குப் போகிற தாது. என் கணவர் அன்றைக்குத் தூக்க வேண்டிய சரக்கு.

சைக்கிள்காரர்கள், மாட்டுவண்டிகள், மீன் கூடைக்காரிகள் என்று கூட்டம் சேர்ந்துவிட்டது. டெம்போவுக்குள் ஒரு பெண் படுத்திருக்கிறாள் என்றதும் ஆண்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். எனக்கு வலி திரும்பவும் தொடங்கியிருந்தது. மேலே கிடந்த புடவையை இழுத்துப் போர்த்திக்கொள்ளக்கூட முடியவில்லை. ஒரு மீன்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தார்.

"இன்னாடா வேடிக்க? உங்கம்மா உன்ன மரத்துலேர்ந்தா பறிச்சா? போடா அப்பால!"

அவர் குரல் கொடுத்ததும் மற்ற மீன்காரிகளும் வந்தார்கள். டெம்போவைச் சுற்றி, முதுகை எனக்குக் காட்டியபடி தோளோடு தோள் சேர்த்து நின்றுகொண்டார்கள். ஒரு பக்கம் பச்சைத் தோல் வாசனை, மறுபக்கம் மீன் வாசனை. நடுவில் நான், அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டிருந்தேன். முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பாய் அல்லாவிடம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

நர்ஸம்மா மீன்காரம்மாவின் கையைப் பிடித்து என் வயிற்றின் மேல் வைத்தார். "இப்டியே புடிச்சிக்கோ, அழுத்தாத." பிறகு இறங்கி, வெள்ளைப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தண்டவாளத்தின் ஓரமாக எஞ்சினை நோக்கி நடக்க ஆரம்பித்தார். பருத்த உடம்பு. ஜல்லியில் தடுமாறித் தடுமாறி அவர் போனதைப் பாய் எனக்குப் பிறகு நடித்தே காட்டினார்.

எஞ்சின் டிரைவர் சிக்னல் விழவில்லை என்றிருக்கிறார். சிக்னல் இன்னும் தள்ளித்தானே இருக்கிறது, அதுவரைக்கும் போய் நிற்க உனக்கு என்ன கேடு என்று இவர் கேட்டிருக்கிறார். டிரைவர் ஏதோ விதி சொல்லியிருக்கிறார்.

"இதோ பாருப்பா. அங்க ஒரு பொம்பள வயித்துல ஒரு புள்ள குறுக்கால கெடக்குது. ரோட்டுல உன் வண்டி குறுக்கால கெடக்குது. ரெண்டுல ஒண்ணத்தான் உன்னால நகத்த முடியும்."

டிரைவர் விசில் ஊதினார். பெட்டிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் அந்தச் சத்தம் எஞ்சினிலிருந்து எங்கள் பக்கம் ஓடி வந்தது. கடைசிப் பெட்டி கேட்டைத் தாண்டியதும் மீன்காரிகள் ஓவென்று கூச்சல் போட்டார்கள். கேட்மேன் கேட்டைத் திறந்தார். நர்ஸம்மா மூச்சிரைக்க ஓடிவந்து ஏறிக்கொண்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாமே வேகமாக நடந்தது. மேஜையில் தூக்கிப் போட்டார்கள். வலி தாங்காமல் நான் கத்தினேன். அங்கிருந்த ஆயா ஒருத்தி என் தொடையில் பட்டென்று அடித்தாள்.

"இப்ப கத்து. புருஷனோட படுக்கும்போது கத்துனியா?"

அந்த அறையில் இருந்த எல்லாப் பெண்களுக்கும் அந்தப் பேச்சு கிடைத்திருக்கிறது என்று பிறகு வார்டில் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்கு மட்டும்தான் சொன்னாள் என்று நினைத்துக் கூசிப்போனேன். வயிற்றுப் பிள்ளையைவிட அந்த வார்த்தைதான் சிறிது நேரம் மனதில் நின்றது. இரட்டைப் பின்னல் போட்ட இளம் டாக்டரம்மா ஒருவர் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் ஆயாவை ஒன்றும் சொல்லவில்லை. என் தலைமாட்டுக்கு வந்து குனிந்து, "மயக்கம் குடுக்கப்போறோம்மா. உள்ள கைய விட்டு, புள்ளையோட காலப் புடிச்சுத் திருப்பி எடுக்கணும். உனக்குத் தெரியாது. பயப்படாத" என்றார். என்ன செய்யப்போகிறார்கள் என்று அன்றைக்கு எனக்கு விளக்கிச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். மூக்கில் துணி மூடியை வைத்தார்கள். தித்திப்பும் காரமுமாக ஒரு வாசனை. அவ்வளவுதான் ஞாபகம்.

விழித்தபோது தலைக்கு மேலே ரத்த பாட்டில் தொங்கியது. பக்கத்தில் என் கணவர், உடம்பெல்லாம் சிவப்பாக நின்றுகொண்டிருந்தார். நான் அலறிவிட்டேன்.

"ரத்தம் இல்லமே, தாது, தாது" என்று சட்டையைத் தட்டிக் காட்டினார்.

நடந்தது இதுதான். பிள்ளை பிறந்த பிறகு எனக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ரத்தம் வேண்டும் என்றிருக்கிறார்கள். பாய் அதே டெம்போவில் ஹார்பருக்குப் பறந்து போய், கேட்டில் நின்று சத்தம் போட்டு, என் கணவரையும் அவரோடு வேலை செய்தவர்களையும் அள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். தலை முதல் கால் வரை செந்தூள் படிந்த அத்தனை பேர் டெம்போவிலிருந்து குதித்ததும் ஆஸ்பத்திரி வாட்ச்மேன் மிரண்டுபோய், விபத்து கேஸ் இங்கே பார்ப்பதில்லை என்று கேட்டைச் சாத்தப் பார்த்திருக்கிறார். என் கணவரின் ரத்தம் எனக்குச் சேரவில்லை. அவருடைய தோஸ்து இரண்டு பேருடையது சேர்ந்தது. அவர்கள் கையில் ஊசி ஏறுவதைப் பக்கத்தில் நின்று பார்த்த என் கணவர் மயங்கி விழுந்தார். ரத்தம் கொடுத்தவனுக்குக் கொண்டுவந்த காப்பியை ரத்தமே கொடுக்காதவனுக்குக் கொடுத்தார்கள் என்று ஹார்பரில் ரொம்ப நாள் பேச்சு.

"புள்ள?" என்றேன்.

"பொண்ணு" என்றார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

பெண் நீலமாகப் பிறந்திருந்தாள். மூச்சு வர நேரமாகியிருந்தது. டாக்டரம்மா வாயோடு வாய் வைத்து ஊதியிருக்கிறார். மறுநாள் அவர் என் கட்டிலுக்கு வந்து, குழந்தையின் விரல்களைத் தொட்டுப் பார்த்தபடி, "பொழச்சிக்கிட்டா. ஆனா மூச்சு தாமசமா வந்துச்சு. உக்கார்றது, நடக்கறது எல்லாம் தள்ளிப் போகலாம். வராமலும் போகலாம். இப்ப சொல்ல முடியாது. பாத்துக்கிட்டே இரு" என்றார்.

அந்த வார்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். தலை மாற்றிப் படுத்துக்கொள்வோம். என் காலுக்குப் பக்கத்தில் இன்னொருத்தியின் தலை. மிச்சப் பேர் தரையில். எல்லார் கதையும் எல்லாருக்கும் தெரியும். என் கதை தெரிந்ததும் எனக்கு "அரப் புள்ளக்காரி" என்று பெயர் வைத்துவிட்டார்கள், பெற்றதில் பாதிதான் கையில் இருக்கிறது என்று. "அரப் புள்ளக்காரி, எழுந்துரு, கஞ்சி வந்துச்சு." நானும் எழுந்துகொள்வேன்.

மாமியார் தினமும் பார்வை நேரத்தில் வந்தார். பால் ஊற வேண்டும் என்று பால்சுறா புட்டு செய்து கொண்டுவருவார். பையன் எப்படி இருக்கிறான் என்றால், "ராஜாவாட்டம் கீறான்" என்பார். பாலுக்கு என்ன செய்கிறீர்கள் என்றால், "குடிக்கிறான், குடிக்கிறான்" என்று புட்டை என் வாயில் வைத்து அடைத்துவிடுவார். மூன்றாவது முறை கேட்டபோது கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"கோச்சிக்காத. பாயோட சம்சாரம்தான் குடுக்குது. மொத நாளு அவன் அழுத அழ நிக்கல. நான் கேக்கக்கூட இல்ல, அதுவா கைய நீட்டி வாங்கிச்சு. தன் புள்ளைக்கு ஒரு பக்கம், உன் புள்ளைக்கு ஒரு பக்கம். இன்னா சொல்லுவியோன்னுதான் சொல்லல."

புட்டுக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என் காலருகே தலை வைத்திருந்தவளும் சேர்ந்து அழுதாள், அவளுக்கு ஏன் என்று தெரியாது.

பெண்ணைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்ததும் முதலில் போனது பாய் வீட்டுக்குத்தான். பையன் நன்றாகக் கொழுத்திருந்தான். என்னைப் பார்த்து யாரோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். பாயின் மனைவி அவனை என் கையில் கொடுக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாய் கொஞ்சம் தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சி, ஒரு விஷயம். எங்க மார்க்கத்துல பால் குடுத்தா பெத்த மாதிரி. இனி இவன் எங்களுக்கும் புள்ள. எம் பொண்ணுக்குக் கூடப்பொறந்தவன். கல்யாணம் கட்டக்கூடாது. நாளைக்கி லவ்வு கிவ்வுன்னு வந்து நின்னான், கால ஒடிச்சிருவேன்."

அவன் அப்போது என் தோளில் பாலைக் கக்கிக்கொண்டிருந்தான். பாய் சொன்னது விளையாட்டல்ல. ஒவ்வொரு பெருநாளுக்கும் அவர் வீட்டிலிருந்து என் மகனுக்குச் சட்டை வரும். பிற்பாடு பாயின் மகளுக்கு நிக்காஹ் நடந்தபோது, உள்ளே பெண்கள் பக்கத்துக்கு யாரும் தடுக்காமல் போய்வந்த ஆண்களில் அவனும் ஒருவன்.

பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தபோது, இரட்டைப் பிள்ளைகளுக்கு எப்படி இரண்டு பிறந்த இடம் என்று தலைமை ஆசிரியை சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். நான் சொல்ல ஆரம்பித்தேன். பள்ளி மணி அடித்தும் அவர் எழுந்திருக்கவில்லை.

ஆனால் அதற்கு முன்னால் இருந்த காலத்தைச் சொல்ல வேண்டும். பையன் குப்புறக் கவிழ்ந்தான், தவழ்ந்தான், பிடித்துக்கொண்டு நின்றான், ஓடினான். பெண் உட்காரவே ரொம்ப நாளானது. உட்கார்ந்தவள் உட்கார்ந்தே இருந்தாள். சிவப்பு முக்கோணம் போட்ட பையோடு வீடு வீடாக வரும் குடும்பக்கட்டுப்பாட்டு அம்மா, "உனக்குத்தான் ஒரே வாட்டில ரெண்டும் ஆயிடுச்சே" என்று சிரிப்பார். நானும் சிரிப்பேன். உள்ளே, டாக்டரம்மா சொன்ன 'வராமலும் போகலாம்' ஓடிக்கொண்டே இருக்கும். மாமியார் தினமும் அவள் கால்களுக்கு எண்ணெய் தேய்த்து நீவிவிடுவார். என் கணவர் வேலைக்குப் போகும்போது வாசலில் நின்று, "இன்னைக்கு?" என்று புருவத்தைத் தூக்குவார். சாயங்காலம் வந்து அதே மாதிரி தூக்குவார். நான் இல்லை என்று தலையாட்டுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து நான் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். கணவர் சவரம் செய்துகொண்டிருந்தார், மாமியார் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பெண் வாசற்படியருகே உட்கார்ந்து, கையில் டீக்கடைப் பொறை ரொட்டியை வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். அண்ணன்காரன் வந்து அதைப் பிடுங்கிக்கொண்டு அறையின் மறுமூலைக்கு ஓடினான். அவள் ஒரு நிமிடம் தன் வெறும் கையைப் பார்த்தாள். கதவைப் பிடித்து எழுந்தாள். கதவை விட்டாள். வாத்து மாதிரி ஆடி ஆடி, எங்கள் மூன்று பேரையும் தாண்டி நடந்துபோய், அவன் தலையில் ஓங்கி ஒரு அடி போட்டுவிட்டுப் பொறையை வாங்கிக்கொண்டாள்.

என் கணவர் பாதி முகம் சோப்போடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மாமியார் "மாதாவே" என்றார். நான் மீன் கையோடு போய் அவளை வாரித் தூக்கிக்கொண்டேன். மூலையில் பையன் வீறிட்டு அழுதுகொண்டிருந்தான். வெகுநேரம் அவனை யாருமே தூக்கவில்லை.